டிஷ்வாஷர் எந்தக் கட்டத்தில் சத்தம் போடுகிறது?

டிஷ்வாஷர் ஓடும்போது சத்தம் வரத்தான் செய்யும். நீரை உள்ளே விடும் வால்வு, அந்த நீரைச் சுழற்றிப் பாய்ச்சும் பம்ப், அழுக்கு நீரை வெளியே தள்ளும் இன்னொரு பம்ப், சோப்பு மாத்திரையை விடுவிக்கும் சிறு மூடி, சில மாடல்களில் காயவைக்கும் விசிறி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலி உண்டு. இவை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. பெரும்பாலும் ஒன்று ஓய்ந்த பிறகே அடுத்தது தொடங்கும். அதனால் கோளாறைத் தேடுகிறவருக்கு முதலில் கைகொடுப்பது சத்தம் வரும் நேரம். ஒரே கரகரப்பு நீர் நிரம்பும்போது கேட்டால் ஒரு காரணம், கழுவும்போது கேட்டால் வேறு காரணம், நீர் வெளியேறும்போது கேட்டால் இன்னொரு காரணம்.

எது இயல்பு என்று தெரிந்தால்தான் எது கோளாறு என்று சொல்ல முடியும். இயந்திரத்தோடு வரும் விவரத்தாளில் 44, 49, 52 என்று ஒரு டெசிபல் எண் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடப்பில் உள்ள மின்சிக்கன அட்டை, 39 டெசிபலுக்குக் குறைவானதை ‘ஏ’ என்றும், 39 முதல் 45க்குள் இருப்பதை ‘பி’ என்றும், 45 முதல் 51க்குள் இருப்பதை ‘சி’ என்றும், அதற்கு மேல் போனால் ‘டி’ என்றும் பிரிக்கிறது. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு உரக்கக் கேட்கிறது. அந்த எண்ணும் சோதனைக்கூடத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு அளந்து எடுத்த சராசரிதான். நீர் வெளியேறும் ஒரு நிமிடத்தில் சத்தம் அதைத் தாண்டுவதோ, கிரானைட் மேடையும் டைல்ஸ் சுவரும் உள்ள சமையலறையில் எதிரொலித்துக் கூடுதலாகக் கேட்பதோ கோளாறு ஆகாது. மாதக்கணக்கில் ஒரே மாதிரி ஓடிவந்த இயந்திரம் திடீரென்று புதுச் சத்தம் போட்டால்தான் காரணம் தேட வேண்டும்.

பாத்திரத்தைத் தேய்க்காமல், கம்பிச் சட்டங்களில் பிடித்துவைத்து, நீரை வேகமாகப் பாய்ச்சியே கழுவுவது என்ற வழியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசஃபின் காக்ரேன். அவருக்கு 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை கிடைத்தது. அவருடைய இயந்திரத்தில் பாத்திரம் ஏற்றிய சக்கரம் சுழன்றது. இன்றைய வீட்டு இயந்திரத்தில் பாத்திரங்கள் அப்படியே நிற்க, ‘ஸ்ப்ரே ஆர்ம்’ என்னும் துளையிட்ட கைகள் சுழல்கின்றன. அவற்றைச் சுழற்றத் தனி மோட்டார் கிடையாது. சாய்வான துளைகளிலிருந்து நீர் பீறிடும் எதிர்விசையிலேயே அவை சுற்றுகின்றன. இது சத்தத்தைத் தேடுவதை மிகவும் எளிதாக்குகிறது. கழுவும் அறைக்குள் தொடர்ந்து அசையும் பாகம் என்று பார்த்தால் அந்தக் கைகள் மட்டுமே. ஆகவே அங்கே எழும் தட்டல் ஒன்று ஸ்ப்ரே ஆர்ம் எதன் மேலாவது இடிப்பதால் வரும், அல்லது நீரின் வேகத்தில் ஏதாவது பாத்திரம் ஆடுவதால் வரும்.

ஒரு சுற்றின் போக்கு பொதுவாக இப்படி அமையும். முந்தைய சுற்றில் தங்கிய நீரைப் பம்ப் சில விநாடிகள் வெளியேற்றும். பிறகு வால்வு திறந்து நீர் நிரம்பும். அடியில் உள்ள குழியில் சேரும் நீர் மூன்று நான்கு லிட்டர்தான். அதையே வடிகட்டித் திரும்பத் திரும்பப் பாய்ச்சுவதால்தான் முழுச் சுற்றுக்கும் 10 லிட்டர் அளவு போதுமானதாக இருக்கிறது. அடுத்து முன்கழுவல், சோப்போடு சூடான கழுவல், அலசல், கடைசியில் சூடான அலசல், காயவைத்தல். கட்டம் மாறும்போது பழைய நீர் போய்ப் புதிய நீர் வரும். பல மாடல்களில் நீர் மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் மாறி மாறிப் போவதால் ஓட்டத்தின் ஒலி அவ்வப்போது மெலிந்தும் தடித்தும் கேட்கும். நடுவில் ‘டக்’கென்று ஒரு சத்தம் வந்தால் அது சோப்பு மூடி திறப்பது. நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் உப்பு அறை உள்ள மாடல்களில் அதற்கான சிறு வால்வு திறந்து மூடும் ஒலியும் உண்டு. இவை எதற்கும் மெக்கானிக் தேவையில்லை.

புதுச் சத்தம் ஒன்று கேட்டால், எதையும் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு ரேக்குகளையும் காலியாக்கி, சோப்பு போடாமல், இருப்பதிலேயே குறுகிய சுற்றை ஓடவிட வேண்டும். சத்தம் நின்றுபோனால் குற்றம் இயந்திரத்தில் இல்லை, பாத்திரம் அடுக்கியதில் இருக்கிறது. காலியாக ஓடும்போதும் அதே சத்தம் அதே கட்டத்தில் வந்தால் மட்டுமே பம்ப், வால்வு, குழாய் என்று தேட வேண்டும். பலர் இதைச் செய்யாமலே மெக்கானிக்கை அழைத்துவிடுகிறார்கள். அவர் வந்து காலி இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பார், சத்தம் வராது, வந்துபோன கட்டணம் மட்டும் மிஞ்சும்.

தமிழ்நாட்டு வீடுகளில் அடுக்கும் விதத்தால் வரும் சத்தமே அதிகம். ஐரோப்பியப் பீங்கான் தட்டுகளையும் கண்ணாடிக் கோப்பைகளையும் மனத்தில் வைத்து உருவான ரேக்கில் எவர்சில்வர் டம்ளர், டபரா, குக்கர், கடாய், இட்லித் தட்டு, நீளக் கரண்டி எல்லாம் ஏறுகின்றன. எவர்சில்வர் டம்ளர் எடை குறைந்தது; கீழிருந்து நீர் பாயும்போது அது குதித்துப் பக்கத்து டம்ளரில் இடிக்கும். இரண்டு டம்ளர்களுக்கு நடுவே ரேக்கின் ஒரு கம்பி வருமாறு வைத்தால் அந்தக் கணகணப்பு நின்றுவிடும். சின்னக் கிண்ணங்களும் பிளாஸ்டிக் டப்பா மூடிகளும் புரண்டு விழும். அவற்றை மேல் ரேக்கில், மடித்துவிடும் கம்பிகளுக்கு அடியில் செருகி வைப்பது நல்லது. குக்கரின் வெயிட்டைத் தனியாக ரேக்கில் போடவே கூடாது. அது கம்பிகளின் இடைவெளியில் நழுவி அடியில் விழுந்தால் கீழ் ஸ்ப்ரே ஆர்ம் ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல் மோதும்.

சீரான இடைவெளியில் ‘டொக்… டொக்…’ என்று கேட்டால் ஸ்ப்ரே ஆர்ம் எங்கோ தட்டுகிறது என்று உறுதியாகவே சொல்லிவிடலாம். கீழ்க் கையைத் தடுப்பது பெரும்பாலும் ஸ்பூன் கூடையின் அடித்துளை வழியே இறங்கிய கரண்டிக் காம்பு. மேல் ரேக்கின் அடியில் தொங்கும் கையைத் தடுப்பது கீழ் ரேக்கில் நிமிர்த்தி வைத்த பெரிய சாப்பாட்டுத் தட்டு, தோசைத்திருப்பி, ஜல்லிக்கரண்டி. நீளக் கரண்டிகளை மேல் ரேக்கில் படுக்க வைப்பதே சரி. பெரும்பாலான இயந்திரங்களில் மேல் ரேக்கை ஒரு படி உயர்த்தவும் தாழ்த்தவும் வசதி இருக்கிறது. பெரிய தட்டும் கடாயும் அதிகம் உள்ள வீட்டில் அதை உயர்த்தியே வைத்துக்கொள்ளலாம். கதவை மூடும் முன் இரண்டு கைகளையும் விரலால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கும் பழக்கம் இந்த வகைத் தொல்லை அனைத்தையும் முடித்துவைக்கும். இடையிலேயே தட்டல் தொடங்கினால் கதவை மெல்லத் திறக்கலாம், ஓட்டம் நின்றுவிடும். நீராவி அடங்கக் கொஞ்சம் காத்திருந்து தடையை அகற்றி மூடலாம்.

தட்டல் ஒழுங்கில்லாமல், விட்டுவிட்டு, ஏதோ உருள்வது போல வந்தால் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். கீழ் ரேக்கை வெளியே எடுத்தால் அடித்தளத்தின் நடுவே உருளை வடிவில் அது தெரியும். பெரிய துணுக்குகளைப் பிடிக்கும் கூடை, மெல்லிய வலை, சுற்றிலும் தட்டையான உலோக வலை என்று மூன்று பகுதிகள். உருளையைப் பெரும்பாலான மாடல்களில் இடப்புறமாகத் திருகித் தூக்கலாம். புளியங்கொட்டை, எலுமிச்சை விதை, காய்ந்த மிளகாய்க் காம்பு, கறிவேப்பிலை ஈர்க்கு, முருங்கைச் சக்கை, மீன் முள், எலும்புத் துணுக்கு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரின் இழை என்று நம் சமையலறையின் மிச்சங்கள் எல்லாம் அங்கே சேரும். புதிதாக வாங்கிய பாத்திரத்தின் காகித லேபிளை உரிக்காமல் உள்ளே வைத்தால் அது கரைந்து வலையில் அப்பிக்கொள்ளும். வாரம் ஒருமுறை குழாய் நீரில், மென்மையான பிரஷ்ஷால் ஃபில்டரைக் கழுவுவது அவசியம். அதைவிட அவசியம், திரும்பப் பொருத்தும்போது அம்புக்குறிகள் நேராக வரும்வரை இறுக்கித் திருகுவது. சரியாகப் பூட்டாத ஃபில்டரின் ஓரம் வழியே ஒரு புளியங்கொட்டை இறங்கினால் அது நேரே ‘இம்பெல்லர்’ என்னும் பம்பின் இறக்கைச் சக்கரத்துக்குத்தான் போகும். ஃபில்டரே போடாமல் ஒரு சுற்றுகூட ஓட்டக் கூடாது.

காலி ஓட்டத்திலும் சத்தம் தொடர்கிறது என்றால் சுற்றின் வரிசையிலேயே போக வேண்டும். முதல் கட்டம் நீர் நிரம்புவது. இங்கே வரும் ‘உஸ்’ஸும் மெல்லிய ரீங்காரமும் இயல்பானவை. நுழைவு வால்வைத் திறப்பது ஒரு மின்காந்தச் சுருள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் காந்தவிசை விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. அந்த ரீங்காரம் அதுதான். ரீங்காரம் வழக்கத்தைவிட நீண்டு, நீர் வரும் ஒலி மெலிந்திருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். இயந்திரத்துக்கு நீர் கொண்டுவரும் குழாயின் இணைப்பில் விரல்நுனி அளவுக்கு ஒரு வலை இருக்கும். தொட்டியின் மணலும் துருவும் அதில்தான் அடைக்கும். ஆங்கிள் காக்கை மூடி, இணைப்பைக் கையால் திருகிக் கழற்றி, அந்த வலையை எடுத்துக் கழுவினால் பல வீடுகளில் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

வலை சுத்தமாக இருந்தும் நீர் போதவில்லை என்றால் மாடித் தொட்டியின் உயரத்தைக் கணக்கிட வேண்டும். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். பல இயந்திரங்கள் குறைந்தது 0.5 பார் கேட்கின்றன, அதாவது தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும். தரைத்தளத்தில் இது சிக்கலே இல்லை. மேல்மாடி வீட்டில், கூரைத்தளத்திலேயே வைத்த தொட்டிக்கும் சமையலறைக்கும் மூன்று நான்கு மீட்டர்தான் வித்தியாசம் இருக்கும். அப்போது நீர் மெதுவாகச் சொட்டி நிரம்பும், குறித்த நேரத்துக்குள் அளவு சேராமல் போகலாம், கழுவும் பம்ப் காற்றையும் சேர்த்து இழுத்து உறுமும். இதை இயந்திரத்தின் கோளாறு என்று எண்ணிப் பம்பை மாற்றுவது வீண் செலவு. தொட்டியை உயர்த்துவதோ சிறிய பிரஷர் பம்ப் வைப்பதோதான் தீர்வு.

பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் நேர்மாறான சத்தம் வரலாம். நீர் நிரம்பி வால்வு மூடும் கணத்தில் சுவருக்குள் சுத்தியலால் அடித்தது போல ‘டங்’ என்று கேட்கும். ஓடிக்கொண்டிருந்த நீர் சட்டென்று நிறுத்தப்படும்போது அதன் வேகம் அழுத்த அலையாக மாறிக் குழாயை அதிரவைக்கிறது. மாஸ்கோ நகரின் நீர்க்குழாய்களில் இதை ஆராய்ந்து 1898இல் கணக்கு வகுத்துத் தந்தவர் ரஷ்யப் பொறியியல் அறிஞர் நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி. அந்தக் கணக்குப்படி இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் சட்டென்று நின்றால் அழுத்தம் 10 பாருக்கு மேல் எகிறக்கூடும். பிளாஸ்டிக் குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் அதில் குறைவு, ஆனாலும் இணைப்புகள் நாளடைவில் தளர்ந்து கசியப் போதுமானது. ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் மூடி நீரின் வேகத்தைக் குறைப்பது முதல் வழி. குழாய் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. அதன் பிறகும் அடித்தால் பிளம்பரை அழைத்து, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் காற்றறை ஒன்றைக் குழாயில் பொருத்தச் சொல்லலாம்.

அடுத்தது கழுவும் கட்டம். ஸ்ப்ரே ஆர்மின் துளைகளில் உப்புப் படிவோ பருப்புத் தோலோ அடைத்தால் நீர் சமமாகப் பாயாது. கை தடுமாறிச் சுற்றும், ஒருபக்கம் நீர் கதவில் வேகமாக அடிக்கும் ஓசை கேட்கும். கையைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே ஏதாவது உருளும் ஒலியும் வரலாம். துளைகளைப் பல்குச்சியால் குத்தி, குழாய் நீரை உள்ளே விட்டுக் கழுவ வேண்டும். கை பொருந்தும் மையத்தில் தேய்மானம் இருந்தால் அது மேலும் கீழும் அதிகமாக ஆடும்; அந்தக் கையை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம், விலையும் அதிகமில்லை.

பம்ப் ஒரே சீராக ஓடாமல் ஏறியும் இறங்கியும் உறுமினால் அது காற்றை விழுங்குகிறது. நீர் குறைவது ஒரு காரணம் என்று பார்த்தோம். நுரை இன்னொரு காரணம். கையால் தேய்க்கும் பாத்திர சோப்பை ஒரு துளி போட்டால்கூட உள்ளே நுரை மலைபோல எழும். பாத்திரத்தை முதலில் சோப்பால் தேய்த்துவிட்டு, சரியாக அலசாமல் உள்ளே வைக்கும் வீடுகளிலும் இதேதான் நடக்கிறது. டிஷ்வாஷருக்கென்று விற்கும் தூளும் மாத்திரையும் நுரைக்காத வகையைச் சேர்ந்தவை. நுரை வந்துவிட்டால் சுற்றை ரத்து செய்து நீரை வெளியேற்றி, கதவைத் திறந்து நுரையை வழித்து, குளிர்ந்த நீரை ஊற்றி மறுபடி வெளியேற்ற வேண்டும். நுரை முழுதாக அடங்கும் வரை இதைத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நிலையில் தொடர்ந்து ஓடவிட்டால் நுரை கதவோரம் வழியே கசிந்து அடித்தட்டில் இறங்கும்.

கழுவும்போது கல்லை அரைப்பது போலக் கரகரத்தால் பம்புக்குள் திடப்பொருள் போயிருக்கிறது. கண்ணாடிச் சில்லு, விதை, எலும்புத் துணுக்கு ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். பொன்னிறத்தில் மணல் போன்ற நுண்மணிகள் ஃபில்டரில் தென்பட்டால் அது வேறு செய்தி: நீரை மென்மையாக்கும் அறை உடைந்து அதன் பிசின் மணிகள் வெளியே வருகின்றன, அந்த அறையையே மாற்ற வேண்டும். கழுவும் பம்ப் பெரும்பாலும் இயந்திரத்தின் அடியில் இருக்கிறது. அதை எட்டுவதற்கு இயந்திரத்தைச் சாய்த்து அடித்தட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். இது வீட்டில் செய்யும் வேலை அல்ல. ஃபில்டரை எடுத்து, குழியில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்து, கைக்கு எட்டும் துணுக்குகளை அகற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சூடேறும் நிமிடங்களில் மட்டும் சடசடவென்று கொதிக்கும் ஒலி கேட்டால் ஹீட்டரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. படிவுக்கு அடியில் சிக்கிய நீர் குமிழியாகி வெடிப்பதால் அந்த ஓசை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012ஆம் ஆண்டுத் தரம் ஐ.எஸ். 10500, குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. போர்வெல் நீர் பல ஊர்களில் முதல் எல்லையைச் சாதாரணமாகவே தாண்டும். இயந்திரத்தில் கடினத்தன்மைக்கான அமைப்பைத் தம் வீட்டு நீருக்கு ஏற்ப மாற்றாமல், கடையில் வந்தபடியே விட்டுவைப்பவர்கள் ஏராளம். உப்பு அறைக்கு டிஷ்வாஷர் உப்பைத்தான் போட வேண்டும். சமையல் உப்பில் கட்டியாகாமல் இருக்கக் கலக்கும் பொருள்கள் பிசின் மணிகளைக் கெடுக்கும். ஏற்கெனவே படிந்ததைக் கரைக்க, காலி இயந்திரத்தில் டிஷ்வாஷர் கிளீனரையோ சிட்ரிக் அமிலத் தூளையோ போட்டு அதிகச் சூட்டுச் சுற்றை ஓட்டலாம். வினிகரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது ரப்பர் பாகங்களுக்கு நல்லதல்ல.

நீர் வெளியேறும் கட்டம்தான் பொதுவாகச் சத்தம் அதிகமான கட்டம். கடைசிச் சில விநாடிகளில் நீரும் காற்றும் கலந்து போகும்போது எழும் ‘களக் களக்’ ஒலி இயல்பானது. அது முடிந்ததும் நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு மூடும் மெல்லிய தட்டலும் அப்படியே. இங்கே கோளாறு என்றால் இரண்டு அறிகுறிகள் உண்டு: கடகடவென்று உதறும் சத்தம், அல்லது வெறும் ரீங்காரம் மட்டும் கேட்டு நீர் போகாமல் நிற்பது. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் வெளியேற்றும் பம்பின் இம்பெல்லரில் சிக்கிய துணுக்கு. பல மாடல்களில் இதை வீட்டிலேயே பார்க்க முடியும்.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. ஃபில்டரைக் கழற்றி, நீரைப் பஞ்சாலோ துணியாலோ எடுத்தால் குழியின் ஓரத்தில் சிறு பிளாஸ்டிக் மூடி தெரியும். ஒரு ஸ்பூனின் காம்பால் நெம்பி, மூடியை உள்பக்கமாகச் சாய்த்து எடுக்கலாம். அதற்குள் இருக்கும் சின்ன இறக்கைச் சக்கரமே இம்பெல்லர். கண்ணாடிச் சில்லு இருக்கலாம் என்பதால் வெறும் விரலை விடாமல் தடித்த கையுறை போட்டுக்கொள்வது அவசியம், டார்ச் வெளிச்சமும் வேண்டும். முடி, நூல், நார் எதுவும் தண்டில் சுற்றியிருந்தால் மெல்லப் பிரித்தெடுக்க வேண்டும். இம்பெல்லரைக் குச்சியால் திருப்பும்போது அது வழுக்கிச் சுழலாமல், படிப்படியாகத் தடைபட்டு நகரும். நிலைக்காந்த மோட்டார் என்பதால் அப்படித்தான் இருக்கும். அதைப் பழுது என்று நினைத்துப் பம்பை மாற்றிவிடக் கூடாது. முழுதாக இறுகி அசையாமல் நின்றாலோ, இறக்கை உடைந்திருந்தாலோ, தண்டு தளர்ந்து பக்கவாட்டில் ஆடினாலோதான் பம்ப் போய்விட்டது. மூடியைத் திரும்ப வைக்கும்போது அது ‘கிளிக்’ என்று உட்காரும் வரை அழுத்த வேண்டும். மூடி சரியாக உட்காராவிட்டால் பம்ப் காற்றை இழுத்து முன்பைவிட அதிகம் இரையும்.

வெளியேற்றும் குழாயும் சத்தத்துக்குக் காரணமாகும். அது மேடையின் அடியில் மரப்பலகையைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் பம்பின் அதிர்வு முழுவதும் பலகையில் ஏறும்; ஒரு கிளாம்பும் ரப்பர் துண்டும் போதும். சிங்க்கின் கழிவுக்குழாயோடு இணைத்த வீடுகளில் சிங்க் அடைத்திருந்தால் ‘குபுகுபு’ என்று நீர் மேலே பொங்கும், அப்போது சுத்தம் செய்ய வேண்டியது சிங்க்கின் கழிவுக்குழாயை. குழாயை மேடையின் அடிவரை உயர்த்தி வளைத்துக் கட்டாமல் தரையோடு தரையாக விட்டால், நிரப்பிய நீர் தானாகவே வழிந்து போய்விடும். இயந்திரம் நிரப்பிக்கொண்டே இருக்கும், கழுவும் பம்ப் நீரின்றி உறுமிக்கொண்டே இருக்கும்.

சுற்று முடிந்த பிறகும், சில நேரம் இயந்திரத்தை அணைத்த பிறகும்கூட, வெளியேற்றும் பம்ப் மட்டும் ஓயாமல் ஓடுவது உண்டு. இதை அலட்சியம் செய்யவே கூடாது. பல இயந்திரங்களில் அடித்தட்டில் ஒரு மிதவைச் சுவிட்ச் இருக்கிறது. எங்காவது கசிந்து அந்தத் தட்டில் நீர் சேர்ந்தால் மிதவை உயரும், வீடு நனையாமல் காக்க பம்ப் தானாக ஓடும். ஆங்கிள் காக்கை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு கசிவைத் தேட வேண்டும். நுரை வழிந்தது, கதவு ரப்பரில் எலும்போ கரண்டியோ சிக்கியது, இணைப்பு தளர்ந்தது ஆகியவை எளிய காரணங்கள். இயந்திரத்தைச் சாய்த்து நீரை வடித்துவிட்டு அப்படியே ஓட்டினால் பம்ப் அடங்கலாம், ஆனால் கசிவு தொடரும்.

காயும் கட்டத்தில் மெல்லிய விசிறி ஓசை கேட்கும் மாடல்கள் உண்டு. ஈரத்தை உறிஞ்சும்போது சூடாகும் ஸியோலைட் கனிமத்தைப் பயன்படுத்தும் வகையில் அந்த விசிறி காற்றைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். முடிவில் கதவு தானாகத் திறக்கும் மாடலில் தாழ் விடுபடும் ஒலியும் வரும். எஃகு அறை குளிர்ந்து சுருங்கும்போது எப்போதாவது ‘டிக்’ என்பதும் சாதாரணமே.

எந்தக் கட்டமானாலும் ஒரே மாதிரி அதிர்வு தொடர்ந்தால் இயந்திரம் நிற்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றியிருக்கின்றனவா என்பதை ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களைத் திருகிச் சரிசெய்யலாம். பக்கத்துச் சுவர், அலமாரி, மேலே உள்ள கிரானைட் எதையும் அது தொடக் கூடாது. அருகில் சாய்த்து வைத்த கேஸ் சிலிண்டரும் அடுக்கிய தாம்பாளங்களும் அதிர்ந்து இயந்திரத்தின் மேல் பழி போடும். மேடைக்குள் பொருத்திய இயந்திரத்தில் கதவுக்குக் கீழே வரும் அடிப்பலகையைக் கழற்றியே வைத்திருந்தால் பம்பின் ஒலி முழுவதும் அந்த இடைவெளி வழியே வெளியேறும். பலகையை மாட்டினாலே வித்தியாசம் தெரியும். கழுவும் அறையின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் தார்ப்பூச்சுத் தகடும் பஞ்சு உறையும் ஒலியை விழுங்குவதற்கானவை. பழுது பார்க்கப் பிரித்தவர் அவற்றைத் திரும்ப வைக்காமல் போயிருந்தால் இயந்திரம் பழுதின்றி ஓடினாலும் இரைச்சல் கூடும்.

கடைசியில் பம்பின் தேய்மானம். ஊருக்குப் போய்த் திரும்பி, பல வாரங்கள் கழித்து ஓட்டும்போது ‘கிரீச்’ என்று ஒலித்து இரண்டொரு சுற்றில் அடங்கினால், காய்ந்திருந்த தண்டு ரப்பர் நனைந்து சரியாகிவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் கழுவும் நேரம் முழுவதும் ஒரே சுருதியில் கூச்சலிடும் ஒலி, வாரத்துக்கு வாரம் வளர்கிறதென்றால் அது பேரிங். எண்ணெய் விட்டோ தட்டியோ சரியாக்க முடியாது. பம்பை முழுதாக மாற்றுவதே வழக்கம். பல புதிய மாடல்களில் ஹீட்டரும் பம்போடு ஒன்றாகவே வருவதால் செலவு கணிசமாகும்; உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று அழைப்பதற்கு முன்பே ரசீதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீரில் ஓடும் பம்பின் பேரிங் போனால் அடுத்தது கசிவு என்பதால் தள்ளிப்போடவும் கூடாது.

மெக்கானிக் வரும் நாளில் சத்தம் வராமல் போவது அடிக்கடி நடக்கிறது. சத்தம் கேட்கும்போதே கைபேசியில் பதிவுசெய்து, எந்தச் சுற்று, தொடங்கி எத்தனையாவது நிமிடம், காலியாக ஓட்டியபோதும் வந்ததா, ஃபில்டரில் என்ன கிடைத்தது என்ற நான்கையும் குறித்து வைத்தால் போதும். நிமிடத்தைச் சொன்னாலே எந்தப் பாகம் என்று அனுபவமுள்ளவர் ஊகித்து, தேவையான உதிரிப்பாகத்தைக் கையோடு கொண்டுவருவார்.